சோனகத் தெருவும் வாங்கன் மினாராவும்

2025 தை முதலாம் திகதி தொடக்கம் சுவிஸில் பொது இடங்களில் முகத்தை மூடிக்கொண்டு நடமாட முடியாது. மீறினால் 1,000 பிராங்க் வரை தண்டம். அந்தச் சட்டம் வந்த வாரம் தமிழ்க் கடையொன்றில் முருங்கைக்காய் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் தெரிந்த அண்ணை ஒருவர். "இப்பதான் இவங்கள் சரியான வேலை பாத்திருக்கிறாங்கள். இந்த முஸ்லிம்களை உள்ளுக்கை விட்டதே பிழை," என்றார். காசு வாங்கும் இடத்தில் நின்ற அக்காவும் சேர்ந்துகொண்டா: "நாங்கள் வந்தம், உழைச்சம், வரி கட்டிறம். ஆருக்காவது கரைச்சல் குடுத்தனாங்களோ? அவையள் அப்பிடியே?"

சுருக்கென்று குத்தியது. "அண்ணை, எண்பத்தஞ்சிலை எங்களைப் பற்றியும் இதைத்தானே கதைச்சவங்கள்?" என்று கேட்டேன். "அது வேறை, இது வேறை தங்கச்சி," என்று சொல்லிவிட்டு அவர் மீன் பெட்டிப் பக்கம் போய்விட்டார்.

எனக்கு வேறாகத் தெரியவில்லை. என் மாமா 83 கலவரத்துக்குப் பிறகு பேர்ணுக்கு வந்தவர். குளிருக்கு எல்லாப் பெடியன்களும் கறுப்புத் தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு ரயில் நிலையத்தில் கூடி நின்று ஊர்க்கதை கதைப்பார்களாம். அதைப் பார்த்து 'லெதர் ஜாக்கெட் தமிழர்' என்றே எங்களுக்குப் பெயர் வைத்தார்கள். தமிழன் என்றால் ஹெரோயின் விற்பவன் என்று பத்திரிகைகள் எழுதின. சனம் நெருக்குப்படும் ரயிலிலும் தன் பக்கத்து இருக்கை மட்டும் காலியாகவே வரும் என்று மாமா சொல்லுவார். இந்த மண்ணோடு ஒட்டவே மாட்டார்கள், தங்கள் கோயில், தங்கள் சாப்பாடு என்று தனியாகக் கிடப்பார்கள் என்பதுதான் அன்று எங்கள் மேல் வைத்த குற்றச்சாட்டு. இன்று இந்த நாட்டில் தமிழர் சுமார் 50,000 பேர் இருக்கிறோம். எல்லோரும் எங்களை உதாரணம் காட்டுகிறார்கள். மாமாவும் மாறவில்லை, அவருடைய சாப்பாடும் மாறவில்லை. பார்க்கிறவர்களின் கண்தான் வேறு பக்கம் திரும்பியிருக்கிறது.

நான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கலியாணம் கட்டி ஒல்டன் பக்கம் வந்து சேர்ந்தேன். மாடிவீட்டின் கீழே பொதுச் சலவை அறை, அதற்கொரு நாட்காட்டி, யாருக்கு எந்த நாள் என்று அதில் எழுதியிருக்கும். பக்கத்து வீட்டுக் கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டு போய், ஒரு சொல்லும் விளங்காத என்னிடம் அரைமணி நேரம் அந்த நாட்காட்டியை விளங்கப்படுத்தினா. இந்த நாட்டின் அரசியலமைப்பே அதுதான் என்பது போல அவ்வளவு பயபக்தியோடு! தடிமன் பிடித்தால் இப்போது அவவுக்கு என் ரசம் வேண்டும். முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது, பிள்ளைகள் சொலத்தூர்ன் பேச்சு பேசினார்கள், கெமைண்டே என்ற ஊர்ச்சபையில் கேள்வி கேட்டுக் குடியுரிமையும் தந்தார்கள். சரி, இனி இதுதான் என் ஊர் என்று நிம்மதியானேன்.

ஆனால் கார்த்திகை வந்தால் ஆரே ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுவதும் பனிமூட்டம் இறங்கும். எதிர் வீடுகூடத் தெரியாது. வேலைக்குப் போகும் அந்த நேரத்தில் ஒரு சத்தமும் இருக்காது. அப்போது எனக்கு யாழ்ப்பாணத்து விடியற்காலைதான் ஞாபகம் வரும். எங்கள் வீடு ஐந்துசந்திக்குக் கிட்ட. முதலில் பள்ளிவாசலில் பாங்கு கேட்கும். அது முடியும்போது அம்மா அடுப்பு மூட்டியிருப்பா. பிறகு கோயில் மணி. பரீட்சைக் காலத்தில் எங்களுக்கு அலாரம் வேண்டியதில்லை. "பாங்கு சொல்லியாச்சு, எழும்பு" என்பதுதான் அம்மாவின் அதட்டல்.

பாங்கே சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு ஒரு மினாரா, அதுதான் பள்ளிவாசல் கோபுரம், கட்டுவதற்கு எங்கள் பக்கத்து ஊரான வாங்கனில் எத்தனை வருடம் வழக்காடினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அங்குள்ள துருக்கியர் சங்கம் தன் கட்டடத்தின் கூரையில் சுமார் 6 மீட்டர் உயரத்தில் ஒன்று வைக்க 2005 இல் அனுமதி கேட்டது. ஊர்ச்சபை மறுத்தது. வழக்கு லொசானில் உள்ள உச்ச நீதிமன்றம் வரை போய், 2007 இல் சங்கத்துக்குச் சாதகமாக முடிந்தது. 2009 இல் மினாரா ஏறியது. எங்கள் தெருவிலுள்ள மரங்கள் அதைவிட உயரம். ஆனால் நீதிமன்றத்தில் தோற்றது சனவாக்கில் வென்றது. இங்கே 100,000 பேர் கையெழுத்துப் போட்டால் அரசியலமைப்பையே மாற்றக் கேட்கலாம். மினாராவைத் தடைசெய்யக் கையெழுத்துச் சேர்த்த குழு தன் பெயரை எடுத்துக்கொண்டதும் எங்கள் பக்கத்து எகர்கிங்கன் ஊரிலிருந்துதான்.

அந்த இலையுதிர் காலத்தில் சூரிச் போனபோது சுவரொட்டியைப் பார்த்தேன். சுவிஸ் கொடியைக் குத்திக்கொண்டு ஏவுகணைகள் மாதிரிக் கறுப்பு மினாராக்கள், முன்னால் முகம் மூடிய ஒரு பெண். பாசலும் லொசானும் அதை ஒட்ட விடவில்லை. சூரிச் விட்டது. 2009 கார்த்திகை 29 இல் வாக்களித்தவர்களில் 57.5 வீதத்தினர் ஆம் என்றார்கள். "மினாரா கட்டுவது தடை செய்யப்பட்டுள்ளது" என்ற வரி அன்றிலிருந்து அரசியலமைப்பின் 72 ஆம் பிரிவில் இருக்கிறது. நாடு முழுவதும் அப்போது நின்ற மினாராக்கள் நான்கே நான்கு! ஒரேயொரு சமயத்தின் கட்டடத்தைப் பெயர் சொல்லித் தடுக்கிறது ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டம். பெரும்பான்மை கை உயர்த்தினால் சட்டம் எப்படி வரும் என்பதை 1956 இலிருந்து பார்த்து வளர்ந்த சனம் நாங்கள். தனிச்சிங்களச் சட்டத்துக்கும் நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை இருந்தது. இது எங்களுக்கு விளங்காவிட்டால் வேறு யாருக்கு விளங்கும்?

அந்த நேரம் எங்களுக்குள்ளும் ஒரு பயம் இருந்தது. "அடுத்தது கோபுரத்திலை கை வைப்பாங்களோ" என்று கோயில்களில் கதைத்தோம். கை வைக்கவில்லை. டிரிம்பாக்கில் மனோன்மணி அம்பாளுக்குத் தேர் இழுக்கும்போது ஊர்ச் சனம் வந்து நின்று படம் எடுக்கிறது. எனக்கு அது பெரிய சந்தோசம், ஒளிக்க மாட்டேன். ஆனால் டிரிம்பாக்குக்கும் வாங்கனுக்கும் நடுவில் இருப்பது ஒல்டன் நகரம் மட்டும்தான். கைக்கெட்டும் தூரத்தில் இருவகை நீதி.

வேலையிடத்தில் என்னோடு ஒரு பொஸ்னியாக்காரி இருக்கிறாள். இந்த நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலானோர் அவளைப் போல பால்கனிலும் துருக்கியிலும் வேர் உள்ளவர்கள். முக்காடு போடுவதில்லை, ஆனால் நோன்பு ஒன்றையும் விடமாட்டாள். நத்தாருக்கு அவள் வேலை செய்வாள், பெருநாளுக்கு நான் செய்வேன், தேருக்குத் திரும்பவும் அவள். இந்தக் கணக்கை எழுதி வைக்காமலே சரியாக வைத்திருக்கிறோம். எங்கள் இல்லத்தில் இருந்த ஒரு பழைய விவசாயி, பத்திரிகையை விரித்துவைத்து முஸ்லிம்களைத் திட்டுவார். கோப்பி மட்டும் அவள் கையால்தான் வேண்டும். "அவளும் முஸ்லிம்தானே" என்று ஒருநாள் சொன்னேன். தாத்தா என்னை ஏற இறங்கப் பார்த்து, "இல்லை, அவள் பொஸ்னியா" என்று கோபமாகத் திருத்தினார். அவள் சிரித்துக்கொண்டே இன்னொரு சீனிக்கட்டி போட்டாள்.

பிரச்சினை ஒன்றும் இல்லை என்று நான் சொல்லவில்லை. வின்டர்தூர் பள்ளிவாசலொன்றிலிருந்து இளம் பிள்ளைகள் சிரியாவுக்குப் போனார்கள். வன்முறையைத் தூண்டிப் பேசிய இமாம் ஒருவருக்கு நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. சரியான தீர்ப்பு. பெண்பிள்ளைகளை நீச்சல் வகுப்புக்கு விடமாட்டோம் என்று பாசலில் ஒரு குடும்பம் ஸ்ட்ராஸ்பூர்க் மனித உரிமை நீதிமன்றம் வரை போய், 2017 இல் தோற்றது. அதுவும் எனக்குச் சரிதான், பிள்ளை நீந்தப் பழகட்டும். ஆனால் சாமத்திய வீடு செய்த கையோடு மகளை நீச்சலிலிருந்தும் பள்ளி முகாமிலிருந்தும் நிறுத்திய தமிழ்த் தகப்பன்மாரை எனக்குத் தெரியும். ஆசிரியை வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி குடித்து, பொறுமையாகக் கதைத்துச் சம்மதிக்கவைத்தா. எங்களுக்குக் கிடைத்தது அந்தத் தேத்தண்ணிப் பேச்சு. மற்றவனுக்குத் தலைப்புச் செய்தி.

2021 இல் முகத்திரை வாக்கெடுப்பும் அதே எகர்கிங்கன் குழுவின் முயற்சிதான். 51.2 வீதம் ஆம். லூசர்ன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தவர்கள் இந்த நாட்டில் நிகாப் போடும் பெண்கள் முப்பது பேர் அளவில்தான் என்று கணித்திருந்தார்கள். அடுத்த வாரமே இலங்கையிலும் ஒரு அமைச்சர் புர்காவைத் தடைசெய்யப் போவதாக அறிவித்தார். இரண்டு செய்தியையும் ஒரே மேசையில் இருந்து வாசித்தேன்.

அப்புறம் அந்த அண்ணையின் "அது வேறை". கடைக்கு வெளியே அவர் என்னைத் திரும்பப் பிடித்தார். "கிழக்கிலை ஊர்காவல் படையை வைச்சு எங்கடை சனத்துக்குச் செய்ததை மறந்திட்டியே? ஈஸ்டருக்கு சீயோன் தேவாலயத்திலை செத்தது ஆர்?" மறக்கவில்லை. வீரமுனையில் எங்கள் சனம் கொல்லப்பட்டதும் உண்மை, 2019 இல் மட்டக்களப்பில் செத்த பிள்ளைகளும் உண்மை. காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் இயக்கம் சுட்டதும் உண்மை. ஆனால் நான் யாழ்ப்பாணத்துக்காரி. நான் கண்ணால் கண்டது 1990 ஐப்பசி 30.

அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். காலையில் ஒலிபெருக்கி கட்டி, முஸ்லிம்கள் எல்லோரும் ஜின்னா மைதானத்துக்கு வரவேண்டும் என்று அறிவித்தார்கள். ஏதோ கூட்டம் என்றுதான் நினைத்தோம். இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று இயக்கம் சொல்லியிருக்கிறது. நகை எடுக்கக் கூடாது, சின்னப் பிள்ளைகளின் தோடுகூடக் கழற்றப்பட்டது. கையில் சிறு தொகை மட்டும். சோனகத் தெருவில் எங்களுக்குத் தைக்கிற நானா ஒருவர் இருந்தார். பள்ளிக்கூடச் சட்டைக்கு வெள்ளைத் துணி கொடுத்திருந்தோம். அந்த இரண்டு மணித்தியாலத்துக்குள் ஒரு பெடியனைச் சைக்கிளில் அனுப்பி, வெட்டிய துணியையும் அளவு எழுதிய கடதாசியையும் மடித்து எங்கள் வீட்டில் சேர்த்துவிட்டார். தைக்க நேரமில்லை, கூலியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டிருந்தார். வீட்டையும் தையல் மெசினையும் விட்டுப் போகிற மனுசன் எங்கள் துணியை நினைத்தார்! அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு விறாந்தையில் இருந்து அழுதா. அந்த மாதம் வடமாகாணம் முழுவதுமிருந்து துரத்தப்பட்டவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல். பெரும்பாலானோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வருடக்கணக்காகக் கிடந்தார்கள். கொஞ்ச நாளில் அந்தத் தெரு வீடுகளில் கதவுமில்லை, ஓடுமில்லை. விடியற்காலையில் மணி மட்டும் கேட்டது. 2002 இல் கிளிநொச்சிப் பத்திரிகையாளர் மாநாட்டில் புலிகளின் ஆலோசகர் பாலசிங்கம் அதற்கு மன்னிப்புக் கேட்டார்.

இவ்வளவையும் அண்ணையிடம் சொன்னேன். அவர் கொக்குவில் ஆள், அவருக்கும் தெரியும். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "ஓம், அது பிழைதான்," என்றார். "ஆனாலும் இஞ்சை…" என்று தொடங்கியவரிடம், இஞ்சையும் அதே பிழைதான் அண்ணை என்றேன். கோபித்துக்கொண்டு போனாரோ தெரியாது. என் பிள்ளைகளுக்கு முன்னால் இனி அப்படிக் கதைக்க மாட்டார்.

பேர்ண் ஐரோப்பாச் சதுக்கத்துக்கு யாராவது வந்தால் நானே கூட்டிக்கொண்டு போவேன். நெடுஞ்சாலை மேம்பாலத்துக்குக் கீழே, 2014 மார்கழியில் திறந்த சமயங்களின் இல்லம். ஒரே கூரையின் கீழ் ஞானலிங்கேச்சுரர் கோயில், பள்ளிவாசல், புத்த நிலையம், தேவாலயம், துருக்கிப் பக்கத்து அலெவி சமயத்தவரின் கூடம். கோயிலில் தமிழில் பூசை, பெண்களும் செய்கிறார்கள். கீழே 'வணக்கம்' என்றே பெயர் வைத்த உணவகத்தில் யூதர்களும் சாப்பிடக்கூடிய கோஷர் முறைச் சைவச் சாப்பாடு. வெள்ளிக்கிழமை மத்தியானம் அங்கே நின்று பாருங்கள். தொழுகைக்கு வருகிறவர்களும் அர்ச்சனைக்கு வருகிறவர்களும் ஒரே வாசலால் போவார்கள். முதல்முறை போனபோது நான் பேர்ணில் நிற்பதையே மறந்துபோனேன். வண்ணார்பண்ணையில் நிற்கிற மாதிரி இருந்தது.

என்னோடு படித்த ஒருத்தி இன்னும் புத்தளத்தில்தான் இருக்கிறாள். சோனகத் தெருக் காணியில் காட்டை வெட்டித் தமையன் மட்டும் திரும்பி வந்து வீடு கட்டியிருக்கிறான். பேஸ்புக்கில் என்னைத் தேடிப் பிடித்தவள் அவள்தான், நானல்ல. மகளுக்கு முதலில் நம்பக் கடினமாக இருந்தது: "அம்மா, இவா யாழ்ப்பாணத் தமிழ்தானே கதைக்கிறா?" ஓம் பிள்ளை, அவள் யாழ்ப்பாணத்தாள்தானே. இந்தக் கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளோடு ஊருக்குப் போகிறோம். கட்டுநாயக்காவிலிருந்து நேரே யாழ்ப்பாணம் போவதாக இருந்ததை மாற்றி, முதல் இரண்டு இரவும் புத்தளத்தில் அவள் வீட்டில் என்று முடிவாகிவிட்டது. "வட்டிலப்பம் செய்து வைக்கட்டோ, அல்லது சுவிஸ்காரியளுக்கு இனிப்பு ஆகாதோ?" என்று கேட்டு எழுதியிருக்கிறாள்.