சாம்பலுக்கு யார் பேர் போடுவது?

காலையில் வண்டியை எடுக்கப் போனால் பெட்ரோல் டேங்க் மேல் "யாழினி யு.கே.ஜி. பி" என்று விரலால் எழுதியிருந்தது. அண்ணன் மகள். புதிதாகப் பேர் எழுதப் பழகியவள், கண்ணில் படுவதெல்லாம் அவளுக்கு சிலேட்டு. முந்தின நாள் ராத்திரி துடைத்துவிட்டு நிறுத்திய வண்டி அது. வடசென்னையில், எண்ணூர் அனல் மின் நிலையங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் எர்ணாவூரில் இது ஒரு செய்தியே கிடையாது. மாடியில் துணி காயப்போடுகிறவர்கள் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் போடுவார்கள், மார்கழி தையில் வாடை அடிக்க ஆரம்பித்துவிட்டால் வெள்ளைச் சட்டையெல்லாம் வீட்டுக்குள் ஃபேனுக்குக் கீழேதான் காயும். அந்தத் தூசியில் நிலக்கரிச் சாம்பல் இருக்கும், கன்டெய்னர் லாரி கிளப்பிய புழுதி இருக்கும், டீசல் கரி இருக்கும், எல்லாம் கலந்துதான் இருக்கும். கலந்து இருப்பதுதான் பல பேருக்கு வசதி.

போன வருஷம் ஒரு நாள் பொறுக்க முடியாமல் ஓர் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எந்த அலுவலகம் என்று சொன்னால் போனை எடுத்த பெண்மணிக்குத்தான் வம்பு, அதனால் வேண்டாம். பொறுமையாகத்தான் பேசினார். "சார், ஆத்துக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?" என்றார். புகை பக்கம் பார்த்து வருமா மேடம் என்று கேட்டேன். "அது கரெக்ட்தான் சார், ஆனா புகார் எழுதணும்னா ஏதாவது ஒரு பக்கம் சொல்லணும்ல."

யோசித்தால் அவர் கேட்டது நியாயமான கேள்விதான். கொசஸ்தலை ஆறு கடலில் விழும் கழிமுகத்துக்கு இந்தப் பக்கம் கத்திவாக்கம், 2011-ல் இருந்து சென்னை மாநகராட்சி. அந்தப் பக்கம் திருவள்ளூர் மாவட்டம். இந்தப் பக்கம் திருவொற்றியூர் தொகுதி, வடசென்னை எம்.பி. அந்தப் பக்கம் பொன்னேரி தொகுதி, திருவள்ளூர் எம்.பி. வடசென்னை அனல் மின் நிலையம் என்று பேர், நிற்பதோ திருவள்ளூர் மாவட்டத்து அத்திப்பட்டில். ஒரே தண்ணீருக்கு ரெண்டு கலெக்டர், ரெண்டு எம்.எல்.ஏ., ரெண்டு எம்.பி. கேட்க ஆள் அதிகம் என்று நினைப்பீர்கள். ஆள் அதிகமாக இருப்பதால்தான் ஒருத்தரைப் பிடிக்க முடியவில்லை.

கொஞ்ச நாளாக நான் கல்வெட்டுகளைக் கவனித்துக்கொண்டிருக்கிறேன். கோயில் கல்வெட்டு இல்லை, அடிக்கல் நாட்டிய, திறந்து வைத்த கல்வெட்டுகள். கறுப்பு கிரானைட், தங்க எழுத்து, மேலே முதல்வர், அடுத்து அமைச்சர், அப்புறம் எம்.பி., எம்.எல்.ஏ., கடைசியில் பொறியாளர் வரை வரிசை தப்பாது. யார் பேர் எத்தனை இன்ச் என்று சண்டை நடக்கிற ஊர் இது. "திறந்து வைத்தார்" என்று வினைமுற்று கணீரென்று நிற்கும். அப்படித் திறந்து வைத்த மின் நிலையத்தின் சாம்பல் பைப் உடைந்தால் மறுநாள் பேப்பரில் "கசிவு ஏற்பட்டது" என்று வரும். ஏற்பட்டதாம். ஐப்பசியில் மழை பெய்த மாதிரி, தானாக. தமிழ் வாத்தியார் யாராவது இந்த வரிக்கு எழுவாய் எது என்று கேட்டால் நம் அரசியல் முழுக்க ஃபெயில்.

எண்ணூரில் முதல் நிலையம் 1970-ல் ஓட ஆரம்பித்தது, வளர்ந்து 450 மெகாவாட் ஆகி 2017-ல் மூடினார்கள். அதற்குள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தொண்ணூறுகளில் 630 மெகாவாட் வந்துவிட்டது. அடுத்த 1,200, கருணாநிதி ஆட்சியில் வேலை தொடங்கி ஜெயலலிதா ஆட்சியில் ஓடியது. அதற்கும் அடுத்த 800, ஜெயலலிதா காலத்தில் 2016-ல் ஆர்டர் கொடுத்து, 2024 மார்ச்சில் ஸ்டாலின் திறந்து வைத்தார். ஒருத்தர் போட்ட கல்லை இன்னொருத்தர் திறக்கிறார், மாத்தி மாத்தி. பஸ்ஸுக்குப் பெயின்ட் அடிப்பதில்கூட ஒத்துப்போகாத ரெண்டு கட்சிகள் புகைபோக்கி விஷயத்தில் மட்டும் அண்ணன் தம்பி. பக்கத்திலேயே வல்லூரில் 1,500 மெகாவாட், அதில் மத்திய அரசின் என்.டி.பி.சி.யும் மாநில மின்வாரியமும் பாதிக்குப் பாதி. ஆக டெல்லிக்கும் பங்கு உண்டு.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யனாகிவிடுவேன். 2008-ல் இருந்து நாலைந்து வருஷம் தமிழ்நாடு இருட்டில் கிடந்ததே, அப்போது நாமெல்லாம் கேட்டது கரன்ட்டைத்தான். 2011 தேர்தலில் டீக்கடைக்கு டீக்கடை மின்வெட்டுதான் பேச்சு. கோயம்புத்தூர்க்காரர்கள் மோட்டார் ஓடாமல் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தபோது சென்னையில் ரெண்டு மணி நேரம்தான் கட், அதற்கே நாங்கள் கத்தினோம். எனவே நிலையம் கட்டியதே குற்றம் என்று நான் எழுத வரவில்லை. கட்டினவர்கள் அதற்குப் பிறகு என்ன செய்தார்கள் என்பதுதான் என் கணக்கு.

நிலக்கரியை எரித்ததும் மிஞ்சுகிற சாம்பலைக் கடல் தண்ணீரில் கரைத்துக் குழம்பாக்கி, கிலோமீட்டர் கணக்கில் பைப்பில் தள்ளி, செப்பாக்கம் பக்கம் இருக்கிற சாம்பல் குட்டைக்கு அனுப்புகிறார்கள். உப்புத்தண்ணீர் இரும்பை அரிக்கும், சாம்பல் உள்ளே உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். அப்படிப்பட்ட பைப் உடையாமல் இருந்தால்தான் ஆச்சரியம், அவ்வப்போது மாற்ற வேண்டும், மாற்றப் பணம் ஒதுக்க வேண்டும், ஒதுக்காவிட்டால் உடையும், உடைந்தால் ஆற்றில் கொட்டும். இதில் விஞ்ஞானம் ஒன்றும் இல்லை, பட்ஜெட்தான் இருக்கிறது. காட்டுக்குப்பத்து நண்பனின் அப்பா, ஆள் ஆழம் இருந்த இடத்தில் இப்போது முழங்கால் தண்ணீர் என்று தன் முழங்காலில் கையை வைத்துக் காட்டுவார். கழிமுகத்தில் கையாலேயே தடவி இறால் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், பிடித்ததைப் போடும் பறியை வாயில் கவ்விக்கொண்டு, தண்ணீரில் தவழ்ந்தபடி. சேறு என்றால் இறால் விரலில் முட்டும்போது தெரியும், சாம்பல் படிந்த இடத்தில் கை வழுக்கிக்கொண்டே போகும். இந்த அழகில் காக்கா ஆழி வேறு. வெளிநாட்டில் இருந்து கப்பலோடு வந்த சிப்பி, அடியில் கம்பளம் விரித்த மாதிரி படர்ந்து இறாலுக்கு இடம் இல்லாமல் பண்ணுகிறது. அதற்கும் எழுவாய் கிடையாது.

பைப் மின்வாரியத்துக்குச் சொந்தம், மின்வாரியம் மாநில அரசுக்குச் சொந்தம். அதைக் கண்காணிக்க வேண்டிய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தலைவரை நியமிப்பதும் அதே மாநில அரசு. கசிவு பெரிதானால் நிவாரணம் அறிவிப்பதும் அதே அரசு. பரீட்சை எழுதுகிறவர், பேப்பர் திருத்துகிறவர், கடைசியில் ஃபெயிலான பிள்ளைக்கு ஆறுதல் பரிசு கொடுக்கிறவர், மூணு பேரும் ஒரே ஆள். மாசு வாரியம் மின்வாரியத்துக்கு நோட்டீஸ் அனுப்பினால் அது ஒரே வீட்டில் ஹாலில் இருந்து சமையலறைக்குப் போகிற கடிதம். அதனால்தான் இங்கே எது நடந்தாலும் பசுமைத் தீர்ப்பாயத்துக்கு ஓட வேண்டியிருக்கிறது. பக்கத்தில் ஆலைகள் நிறைந்த மணலி 2009-லேயே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கடுமையாக மாசுபட்ட பகுதிகள் பட்டியலில் ஏறிவிட்டது. வியாதி தெரியாமல் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

2023 டிசம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைப் பக்கம் இருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக இறங்கி ஆற்றுக்கு வந்தது. ஆலை வெள்ளத்தைக் காட்டியது, வாரியம் ஆலையின் மழைநீர் வடிகால் நிர்வாகத்தைக் காட்டியது. மாநில அரசு 8.68 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது, 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500, 787 படகுகளுக்குத் தலா 10,000, மிச்சம் பாதிக்கப்பட்ட மற்றக் குடும்பங்களுக்கு என்று ஒரு ரூபாய் பிசகாமல் கணக்கு. எண்ணெயை அள்ளியதோ மீனவர்களே, மக்கில், பக்கெட்டில். 2017 ஜனவரியில் எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியபோதும் பக்கெட்டில்தான் அள்ளினார்கள். ஏறக்குறைய ஏழு வருஷத்தில் முன்னேற்றம் என்று பார்த்தால் பக்கெட்டின் நிறம் மாறியிருந்தது.

அது நடந்து மூணு வாரம்தான், 26-ம் தேதி நள்ளிரவில் ஓர் உர ஆலையின் பைப்பில் இருந்து அம்மோனியா வாயு. சின்னக்குப்பத்தில் இருந்து நண்பன் போன் செய்தான், பேச்சே வரவில்லை, இருமல்தான் வந்தது. அண்ணி ஈரத்துண்டை எடுத்து யாழினி மூக்கில் கட்டிவிட்டார், அப்போது அவளுக்கு மூணு வயசு, திருடன் போலீஸ் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். தெருவில் லுங்கியோடும் நைட்டியோடும் ஜனம் தெற்கே பார்த்து நடந்துகொண்டிருந்தது. எங்கே போகிறோம் என்று யாருக்கும் தெரியாது, எந்தப் பக்கம் போகக்கூடாது என்பது மட்டும் தெரியும். நாற்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். மறுநாள் பேப்பரில் நான் முதலில் தேடியது அந்த வார்த்தையைத்தான். இருந்தது. "கசிவு ஏற்பட்டது".

டெல்லிக்காரர்கள் மட்டும் யோக்கியமா என்றால், அதுவும் பெரிய கதை. அனல் மின் நிலையப் புகைக்குப் புதிய வரம்புகளை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2015 டிசம்பரில் அறிவித்தது, ரெண்டு வருஷம் கெடு. புகைபோக்கிக்கு முன்னால் சுண்ணாம்புக்கல் கரைசலைத் தெளித்து கந்தக டை ஆக்சைடைப் பிடிக்கிற கருவி போட வேண்டும், செலவு ஜாஸ்தி. 2017, 2022 ஆனது, அப்புறம் இன்னும் தள்ளிப்போனது, 2025 ஜூலையில் நாட்டில் முக்கால்வாசி யூனிட்டுகளுக்கு அந்தக் கருவியே வேண்டாம் என்று விட்டார்கள். பத்து லட்சத்துக்கு மேல் ஜனம் வாழும் நகரத்துக்கு 10 கிலோமீட்டருக்குள் இருப்பவற்றுக்கு 2027 டிசம்பர் வரை கெடு. முதல் கெடுவுக்குப் பத்து வருஷம் கழித்து. கடன் வாங்கினவன்கூட வட்டியாவது கட்டுவான். இதே அரசுதான் 2021-ல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் போய் 2070-க்குள் கரி உமிழ்வு நிகர பூஜ்யம் என்று சொன்னது. 2070-ல் யாழினிக்கு ஐம்பது வயசு. மேடையில் கைதட்டு வாங்கினவர்களில் யாரைப் போய் அவள் கேட்பாள்?

இப்போது என் வீட்டுக்கு வருகிறேன், இல்லையென்றால் கமென்ட்டில் வந்து பிடித்துக்கொள்வீர்கள். ஒரு யூனிட் கரன்ட்டுக்கு ஏறக்குறைய 700 கிராம் நிலக்கரி. நம் நாட்டு நிலக்கரியில் மூணில் ஒரு பங்கு சாம்பல். 2016-ல் இருந்து நமக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம், அத்தனையும் நிலக்கரியில் வந்தது என்று வைத்துக்கொண்டால் 70 கிலோ கரி, ஏறக்குறைய 25 கிலோ சாம்பல். ஒரு சிப்பம் அரிசி. இலவசமாகக் கொடுத்தது கரன்ட்டை மட்டுமா, மூட்டையையும் சேர்த்தா? தி.நகர்க்காரருக்கும் அதே 100 யூனிட், மூட்டையை இறக்குவது மட்டும் எங்கள் மாடியில். என் வீட்டிலும் ஏசி இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் சாம்பல் வருகிறது என்று ஜன்னலை மூடி, மூடினால் வேகிறது என்று ஏசி போட்டு, ஏசிக்காக அங்கே இன்னும் கொஞ்சம் கரியை எரிக்க வைத்து... சரி, விடுங்கள்.

ஆனால் இதைச் சொன்னவுடன் "அப்ப எல்லாரும்தானே பொறுப்பு, மஞ்சப்பை எடுத்துட்டுப் போங்க, லைட்டை அணைங்க" என்று ஒரு அறிவுரை வருமே, அதுதான் எனக்கு ஆகாது. நான் அணைக்கிறேன். ஆனால் பைப்பை மாற்றும் ஃபைலில் கையெழுத்துப் போடும் பேனா என்னிடம் இல்லை. எல்லாரும் பொறுப்பு என்பது யாரும் பொறுப்பில்லை என்பதற்கு மரியாதையான பேர். பெரியப்பா முப்பது வருஷம் ஒரு நிலையத்தில் கரி தள்ளும் பகுதியில் இருந்தார், அந்தச் சம்பளத்தில்தான் ரெண்டு அத்தைகளுக்கும் கல்யாணம் நடந்தது, எங்கள் வீட்டு மாடி எழும்பியது. அந்தச் சோற்றை நாங்களும் சாப்பிட்டிருக்கிறோம். இன்ஹேலரை இழுத்துக்கொண்டே "கம்பெனியை ஒண்ணும் சொல்லாதடா" என்பார். அவர் விசுவாசத்தில் எனக்குச் சண்டை இல்லை. அந்த விசுவாசத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறவர்களோடுதான்.

மூடிய பழைய நிலையத்தின் இடத்தில் 660 மெகாவாட்டுக்குப் புதிதாக ஒன்று போட 2024 டிசம்பர் 20-ம் தேதி எர்ணாவூரில் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தார்கள். எதிர்ப்பு பலமாக இருந்தது. நான் போகவில்லை. வெள்ளிக்கிழமை, லீவு கிடைக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், உண்மையில் கேட்கவே இல்லை. இன்னொரு பக்கம் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் 1,320 மெகாவாட் எழும்பிக்கொண்டிருக்கும் இடத்தில் 2025 செப்டம்பர் 30-ம் தேதி இரும்புச் சாரம் சரிந்து 9 தொழிலாளர்கள் செத்தார்கள், அசாம் பக்கத்தில் இருந்து பிழைக்க வந்தவர்கள். நாளைக்கு அந்த நிலையமும் திறக்கும், கல்வெட்டும் வரும். அதில் இந்த 9 பேர் பேரைப் போடச் சொல்லி யாராவது மனு கொடுத்தால் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

எனவே ஒரு வேலை ஆரம்பித்திருக்கிறேன். எண்ணூர், மணலி, மீஞ்சூர், அத்திப்பட்டு பக்கம் எந்த நிலையம், எந்த ஆலை, எந்தத் துறைமுகம் என்றாலும் சரி, அடிக்கல், திறப்பு விழாக் கல்வெட்டு, பழைய அழைப்பிதழ், பேப்பர் விளம்பரம், எது வைத்திருந்தாலும் படம் எடுத்து அனுப்புங்கள். ஒரு பக்கம் பேர், பக்கத்திலேயே அதே இடத்தில் எந்தத் தேதியில் என்ன கொட்டியது, என்ன கசிந்தது என்று போடப் போகிறேன், வேறு வியாக்கியானம் எதுவும் சேர்க்க மாட்டேன். அத்திப்பட்டு புதுநகர் பக்கம் ஒரு கொடிக்கம்பத்துக்குப் பின்னால் ஒன்று இருக்கிறது, எழுத்து தெரியவில்லை என்று நண்பன் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை போகிறேன். துடைக்கத் துணியும் ஒரு பாட்டில் தண்ணீரும் எடுத்துக்கொள்ள வேண்டும்.