அதிபருக்காகக் கட்டிய ஹெலிகாப்டர்கள் உதிரிபாகமான கதை

அமெரிக்க அதிபரின் பயணத்துக்காகக் கட்டத் தொடங்கி, செலவு கட்டுக்கடங்காமல் போனதால் 2009ஆம் ஆண்டில் ஒபாமா அரசு கைவிட்ட விஎச்-71 ரக ஹெலிகாப்டர்களில் ஒன்பதை, 2011இல் கனடா ஏறத்தாழ 16.4 கோடி டாலருக்கு வாங்கியது. அவற்றைக் கழற்றி, தன் விமானப்படையின் மீட்பு ஹெலிகாப்டர்களுக்கு உதிரிபாகங்களாகப் பயன்படுத்துவதே நோக்கம். அமெரிக்கா அந்தத் திட்டத்துக்கு அதற்குள் சுமார் 300 கோடி டாலர் செலவழித்திருந்தது என்பதை வைத்துப் பார்த்தால், கனடாவுக்கு அது அடிமாட்டு விலைதான்.

இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கனடாவின் மஞ்சள் நிற மீட்பு ஹெலிகாப்டரான கார்மரன்ட், ஐரோப்பாவில் உருவான இஎச்-101 ஹெலிகாப்டரின் ஒரு வடிவம். விஎச்-71 இன்னொரு வடிவம். பழைய லாப்ரடார் ஹெலிகாப்டர்களுக்கு மாற்றாக 1998இல் தேர்ந்தெடுக்கப்பட்ட கார்மரன்ட்கள் மொத்தமே பதினைந்து. (அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன் இதே இஎச்-101க்கான பெரிய ஒப்பந்தத்தைப் பிரதமர் கிரெத்தியென் ரத்து செய்து, அதற்காக ஏறத்தாழ 50 கோடி கனடா டாலர் தண்டம் கட்டியிருந்தார் என்பது அரசியலின் விசித்திரம்.)

மூன்று எஞ்சின்கள் கொண்ட, கடுங்குளிரிலும் கடல்மேல் நெடுந்தூரம் சென்று திரும்பக்கூடிய இந்த ஹெலிகாப்டருக்கு வாலில்தான் வினை இருந்தது. தலைக்கு மேல் சுழலும் பெரிய ரோட்டர் ஹெலிகாப்டரின் உடலை எதிர்த்திசையில் திருப்பப் பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்துவது வால் ரோட்டர். அதன் இறக்கைகளைப் பிடித்து நிற்கும் ஹப் என்ற பாகத்தில் விரிசல்கள் தோன்றின. விரிசலோடு பறக்க முடியாது. ஆகவே திரும்பத் திரும்பச் சோதனை, பாகம் மாற்றுதல், புதிய பாகம் வரும்வரை காத்திருப்பு என்று நாள்கள் கழிந்தன. உலகில் குறைந்த எண்ணிக்கையில் பறக்கும் ரகம் என்பதால் மற்ற உதிரிபாகங்களும் நினைத்த நேரத்தில் கிடைக்கவில்லை. பறக்கத் தகுதியான ஹெலிகாப்டர்கள் போதாமல், ஒன்டாரியோவின் ட்ரென்டன் தளத்திலிருந்து கார்மரன்ட்களை விலக்கிக்கொண்டு, அளவில் சிறிய கிரிஃபான்களை அங்கே வைக்க வேண்டியதாயிற்று. 2006இல் நோவா ஸ்கோஷியாவின் கேன்சோ அருகே ஒரு கார்மரன்ட் கடலில் விழுந்து மூவர் உயிரிழந்தபின் மிஞ்சியவை பதினான்கு.

பாகம் இல்லாதபோது, நிற்கும் ஹெலிகாப்டரிலிருந்து கழற்றிப் பறக்கும் ஹெலிகாப்டரில் மாட்டுவது எல்லா விமானப்படைகளுக்கும் பழகிய வழி. ஆனால் ஒரு பாகத்துக்கு இரட்டை வேலை: இங்கே கழற்றி அங்கே மாட்ட வேண்டும், பிறகு புதியது வந்ததும் இங்கே மாட்ட வேண்டும். மேலும், முக்கியப் பாகங்களுக்கு வரிசை எண்ணும் பறந்த மணிநேரக் கணக்கும் உண்டு. ஆயுள் முடிந்தால், பார்வைக்குப் புத்தம்புதிதாக இருந்தாலும் தூக்கி எறிய வேண்டியதுதான். அதிகம் பறக்காத ஒன்பது ஹெலிகாப்டர்கள் மொத்தமாகக் கைக்கு வருவது எவ்வளவு பெரிய வரவு என்பது இந்தக் கணக்கில்தான் விளங்கும். விஎச்-71இன் எஞ்சின் உட்படச் சில பாகங்கள் வேறுபட்டவை என்றாலும், அந்தக் கொள்முதலை நான் புத்திசாலித்தனமானதாகவே கருதுகிறேன்.

2022 டிசம்பரில் கனடா 117 கோடி கனடா டாலருக்கு, இந்த ஹெலிகாப்டர்களைத் தயாரிக்கும் லியோனார்டோ நிறுவனத்துடன் மேம்பாட்டு ஒப்பந்தம் செய்தது. இருப்பவற்றில் 13 ஹெலிகாப்டர்கள் புதுப்பிக்கப்பட்டு, மேலும் மூன்று சேர்க்கப்பட்டு, எண்ணிக்கை பதினாறாகும். மின்னணுக் கருவிகளோடு எஞ்சின்களும் மாறுகின்றன. புதிதாக வருவது, விஎச்-71இல் இருந்த அதே சிடி7-8இ ரகம்.