தாத்தாவின் நேர்ச்சை அரிசி

ஜூலை பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில், மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் இருக்கும் புக்கிட் மெர்தாஜம் பயணத்தைப் பற்றி யாரும் யாரையும் கேட்பதில்லை; அத்தை பாட்டுக்கு வெள்ளைத் துணிகளைத் துவைத்து மடிக்கத் தொடங்கிவிடுவார். அங்கே மரியாளின் தாயான புனித அன்னம்மாள் திருநாளுக்குப் போவது அந்த அளவுக்குப் பழகிப்போன காரியம். இவ்வாண்டு தாத்தா இல்லாமல், அவர் விட்டுச் சென்ற நேர்ச்சையை நிறைவேற்றுவதற்காகப் போனோம். அவர் வயலில் விளைந்த புது நெல்லின் அரிசியை, அவர் எப்போதும் கொண்டுபோகும் அதே பழைய மைலோ டின்னில் நிரப்பி, மூடியின்மேல் துணி கட்டி, அத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

எங்கள் ஊர் பேராக் மாநிலத்துப் பாகான் செராய். ஒரு பக்கம் செம்பனைத் தோட்டங்கள், மறுபக்கம் கண்ணுக்கெட்டிய தூரம்வரை கிரியான் வயல்கள். ரெனே ஃபே சுவாமியார், பின்னாளில் 1896-இல் மலாக்கா மறைமாவட்டத்தின் ஆயரானவர், இங்கே தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களைக் குடியமர்த்தி, உழுது பிழைக்க வழிசெய்தார் என்பதை அந்தக் குடியிருப்பான சூசைப்பாளையத்துப் பெரியவர்கள் இன்றும் நன்றியோடு சொல்வார்கள். தாத்தாவின் தகப்பனார் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். தாத்தாவும் இளவயதில் அந்தப் பால் வடியும் மங்கு துடைத்தவர்தாம். ஆனால் கங்காணியின் குரலுக்கு எழுவதைவிடக் கோயில் மணிக்கு எழுவது மேல் என்று சொல்லி, சில ரிலோங் (இங்கத்திய நில அளவை) நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து வயலில் இறங்கிவிட்டார். 1906-இல் திறக்கப்பட்ட புக்கிட் மேரா நீர்ப்பாசனக் கால்வாய்தான் அவருக்கு நாள்காட்டி. தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்றால் நாற்று, அடைத்துவிட்டார்கள் என்றால் அறுவடை. நெல் காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு மணியைக் கடைவாயில் வைத்துக் கடித்து, அந்தச் சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடுவார். அறுவடை இயந்திரம் வந்து, ஈரப்பதம் பார்க்கும் கருவியும் வந்த பிறகும் அவர் கடித்துப் பார்ப்பதை நிறுத்தவில்லை.

நேர்ச்சையின் கதை எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் மனப்பாடம். என் அப்பா பிறக்கும்போது பாட்டிக்குப் பிரசவம் சிக்கலாகி, தாயையும் பிள்ளையையும் சேர்த்துக் காப்பாற்ற முடியாது என்று மருத்துவமனையில் கைவிரித்துவிட்டார்களாம். அந்த இரவு வயல் வரப்பில் முழந்தாளிட்டு, இருவரையும் கொடுத்தால் ஆண்டுதோறும் முதல் நெல்லின் அரிசியை அன்னம்மாள் பாதத்தில் வைத்து, பிறகு அங்கே காணும் ஓர் ஏழைக்குக் கொடுப்பேன் என்று தாத்தா பொருத்தனை செய்தார். மரியாளைப் பெற்ற தாயிடம் பிரசவ வேதனையைச் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது! இருவரும் பிழைத்தார்கள். அதன்பின் வெள்ளம் வந்த ஆண்டிலும், வயலைத் தின்னும் தங்க நத்தை நாற்றை மொட்டையடித்த ஆண்டிலும், பிறரிடம் நெல் கடன் வாங்கியேனும் அந்த டின் நிரம்பியது. சென்ற ஆண்டு மட்டும் மூச்சிரைப்பால் அவர் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. "அவ கிட்ட கடன் வெச்சிட்டுப் போகக்கூடாதுடா" என்று சித்தப்பாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

சாம்பல் புதன் கழிந்த வாரத்தில் அவர் இறந்தார். கிடக்க வேண்டியது மருத்துவமனையில் அல்ல என்று பிடிவாதமாக வீடு திரும்பியவருக்குச் சுவாமியார் வந்து நோயில் பூசுதல் கொடுத்து, நற்கருணையும் வழங்கினார். நாங்கள் சுற்றியமர்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தோம். துக்கத் தேவ இரகசியங்கள் முடியும் தறுவாயில் அவர் உதடு "சேசு, மரி, சூசை" என்று அசைந்தது. மூன்றாவது பெயர் எங்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. நன்மரணத்துக்குப் பாதுகாவலரான சூசையப்பர் பெயரில் அமைந்த பங்கில் பிறந்தவருக்கு அவர் துணையாக நின்றிருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை. அடக்கத்தன்று பக்கத்துக் கம்போங் மலாய் விவசாயிகள் மண்வெட்டியோடு வந்து, வெளியே நின்று, கல்லறை மூடும்வரை இருந்தார்கள்.

இனி பயணத்தைச் சொல்ல வேண்டும். பாகான் செராயில் கொமுட்டர் ரயில் ஏறிய வரைக்கும் சுகம்தான். நிபோங் தெபாலுக்குப் பிறகு நிற்க இடமில்லை. கோயிலுக்குப் போகும் ஜாலான் கூலிம் சாலையில் வண்டிகள் நகரவே இல்லை. சாலையோரப் புல்தரையில் கார் நிறுத்த ஆள்கள் வாய்க்கு வந்த காசு கேட்கிறார்கள். ஊற்று நீர் பிடிக்கும் வெற்றுப் பிளாஸ்டிக் புட்டிக்கும் திருநாள் விலை. மெழுகுவர்த்தியைக் கையில் திணித்துவிட்டுப் பின்னாலேயே வந்து பணம் கேட்கும் சிறுவர்களை என்ன சொல்வது? அன்னம்மாள் பெயரைச் சொல்லி அன்னம்மாளின் பிள்ளைகளிடமே பறிக்கிறார்கள். முட்டிவலியோடு நடந்த அத்தை மட்டும் ஒரு சொல் முணுமுணுக்கவில்லை.

முதலில் குன்றின்மேல், 1888-இல் எழுந்த பழைய கோயிலுக்குப் போனோம். கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒட்டிய மலாயா அவசரகாலத்தில் இப்பகுதி தடை செய்யப்பட்டிருந்தபோது தூரத்தில் நின்றே கும்பிட்டுத் திரும்பியவர்களைப் பற்றித் தாத்தா சொல்லியிருக்கிறார். ஊற்று நீரில் முகம் கழுவிவிட்டுப் புதிய கோயிலுக்கு இறங்கினோம். 2019-இல் திருத்தந்தை பசிலிக்கா என்ற சிறப்புத் தகுதிக்கு உயர்த்தியது இந்தத் திருத்தலத்தைத்தான்.

சிறு பெண்ணாக மரியாளை அருகில் நிறுத்தியிருக்கும் அந்தச் சுரூபத்தின் முன் எத்தனை பேர்! சீனர், தமிழர், சபாவின் கடசான் மக்கள், நெற்றியில் திருநீறிட்ட அம்மாக்களும் இருந்தார்கள். எங்கள் முறை வந்ததும் அத்தை டின்னின் துணியை அவிழ்க்க முயன்றார், முடிச்சு இறுகியிருந்தது. தொண்டர் ஒருவர் நகரும்படி சைகை காட்டினார். பின்னால் நின்ற சீனப் பாட்டி ஒருவர் அவரைக் கையமர்த்திவிட்டுத் தாமே குனிந்து, நகத்தால் முடிச்சைத் தளர்த்திக் கொடுத்தார். அத்தை ஒரு பிடி அரிசியை எடுத்து, சுரூபத்தின் பாதத்தில் தொட்டு, மீண்டும் டின்னில் போட்டு, "அப்பா வர முடியல தாயே, நாங்க கொண்டாந்துட்டோம்" என்றார். அழுதாரா என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் எனக்கே எதுவும் தெரியவில்லை. எந்த ஜெபமும் வரவில்லை. தாயே, தாயே என்று மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

மரியாளின் பெற்றோரான சுவக்கீன் அன்னம்மாள் திருநாளை ஒட்டி, ஜூலை நான்காம் ஞாயிற்றைத் தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்குமான உலக நாளாகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல் ஏற்படுத்தியதை மறையுரையில் சுவாமியார் நினைவூட்டியபோது, சித்தப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அரிசியை வாயிலருகே அமர்ந்திருந்த ஒரு முதியவருக்குக் கொடுத்தோம். மாலையில் மெழுகுவர்த்திப் பவனி, தேர், பாட்டு எல்லாம் நடந்தது. அதை வரிசையாக எழுத எனக்கு மனம் ஓடவில்லை. அன்னம்மாளே, என் அப்பாவைத் தந்ததற்கும், எங்கள் தாத்தாவுக்கு வலியில்லாத முடிவைத் தந்ததற்கும், முகம் தெரியாத அந்தப் பாட்டியை எங்கள் பின்னால் நிறுத்தியதற்கும் தோத்திரம். அத்தையின் முட்டியைக் குணமாக்கும். சித்தப்பா இனி அந்த வயலைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு வயல் வேலை புதிது, உரக்கடைப் பாக்கியும் இருக்கிறது. கால்வாயில் தண்ணீர் நேரத்துக்கு வரட்டும், எலித் தொல்லை குறையட்டும். டின்னைக் கழுவி வைத்திருக்கிறோம் தாயே.