பட்டா இருக்கிறது, பங்காளி எங்கே?

ஒரு நிலம் வாங்கலாம் என்று போனேன். விற்பவர் முதலில் நீட்டியது பட்டா. அவர் ஒருவர் பெயரில் மட்டும் உள்ள தனிப்பட்டா. தமிழ்நாடு அரசின் நில ஆவணத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் (சர்வே எண்) கொடுத்து நானும் எடுத்துப் பார்த்தேன், ஒத்துப்போனது. பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் வரும். ஓர் ஏர் ஏறக்குறைய இரண்டரை சென்ட் என்று வைத்துக்கொண்டால் போதும்.

ஆனால் பட்டா வருவாய்த்துறைப் பதிவு. அது மட்டுமே உரிமை ஆகிவிடாது என்று நீதிமன்றங்கள் எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது. அதனால் பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கம் போட்டேன், அதாவது அந்தப் புல எண்ணில் பதிவான பத்திரங்களின் பட்டியலை எடுத்தேன். இணையத்தில் பார்ப்பதற்குக் காசு கிடையாது. வந்தது ஓர் அடமானமும் அதைத் தீர்த்த ரசீதும் மட்டுமே. இதைப் பார்த்துவிட்டு "சுத்தமா இருக்கு" என்று எழுந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். எனக்கு அதுவே உறுத்தியது. இவர் யாரிடமிருந்து வாங்கினார்? கிரயப் பத்திரமே இல்லையே!

விடை, கிராமத்து நிலங்களுக்கான வருவாய்த்துறைப் பதிவேடான 'அ' பதிவேட்டில் இருந்தது. அதில் 'பழைய புல எண்' என்று ஒரு கலம் உண்டு. 1979-ல் தொடங்கி எண்பதுகளில் நடந்த, நில ஆவணங்களைப் புதுப்பிக்கும் யூ.டி.ஆர் மறுபதிவில் பல கிராமங்களில் எண்கள் மாறிவிட்டன. அதற்கு முந்தைய பத்திரங்கள் பழைய எண்ணிலேயே கிடக்கும். பழைய எண்ணைப் போட்டதும் 1978-ஆம் வருடக் கிரயம் வந்தது. வாங்கியவர் விற்பவரின் அப்பா.

சார்பதிவாளர் அலுவலகத்தில் அதன் சான்றிட்ட நகலுக்கு மனு கொடுத்தேன். கிரயம் போன்ற சொத்துப் பத்திரங்கள் ஏறும் முதல் புத்தகத்தில் பதிவான பத்திரத்துக்கு யார் வேண்டுமானாலும் நகல் கேட்கலாம். சொத்துக்காரராக இருக்க வேண்டியதில்லை. நகலில் நான்கெல்லையைப் படித்து, புல வரைபடத்தோடு வைத்துப் பார்த்தேன். வடக்கே வாய்க்கால், கிழக்கே வண்டிப்பாதை. இடம் அதேதான், சந்தேகமில்லை.

சரி, அப்பாவிடமிருந்து மகனுக்கு எப்படி வந்தது? தானமாக எழுதிக்கொடுக்கும் செட்டில்மென்ட் இல்லை, பாகப்பிரிவினை இல்லை, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமும் இல்லை. ஒருவர் இறந்து சொத்து வாரிசுக்குப் போவது வில்லங்கத்தில் ஏறாது. உயிலைப் பதிவு செய்திருந்தாலும் அது ஏறுவது உயில்களுக்கான மூன்றாம் புத்தகத்தில். வில்லங்கத்தில் தேடிப் பயனில்லை.

விற்பவரிடமே கேட்டேன். "அப்பா தவறினதும் என் பேருக்கு மாத்திட்டாங்க சார், உயிலெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றார். வாரிசுச் சான்றைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் அம்மா, இவர், ஒரு தங்கை. அம்மாவும் இப்போது இல்லை. அப்பா சொந்தமாக வாங்கிய சொத்து, உயில் இல்லை என்றால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. பட்டாவில் தங்கையின் பெயர் இல்லாததால் அந்தப் பங்கு காணாமல் போய்விடாது.

"அவளுக்குக் கல்யாணத்துலயே எல்லாம் செஞ்சாச்சு" என்றார். செய்திருக்கலாம், அதற்குப் பத்திரம் இல்லையே. தங்கை விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யட்டும், இல்லையென்றால் கிரயத்தில் அவரும் சேர்ந்து கையெழுத்துப் போடட்டும், அப்புறம்தான் முன்பணம் என்று சொல்லிவிட்டு வந்தேன். தங்கையிடம் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.