வீடு கேட்டு ஒரு விண்ணப்பம்

வாடகைக்கு வீடு தேடுவது என்றால் வீடு வீடாய்ப் போய்ப் பார்ப்பதுதான் வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். ஒரே வீட்டுக்குப் பலர் வரிசையில் நிற்கும் இடங்களில், பாதி வேலை அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அண்மையில் வேலை நிமித்தம் ஊர் மாறி, எங்களை யாருமே அறியாத இடத்தில் வீடு பிடித்தோம். காகிதத்தில் பார்த்தால் நாங்கள் அவ்வளவு வலுவான விண்ணப்பதாரர்கள் அல்லர். எனக்குப் புது வேலை. கையில் இருந்தது ஒரே ஒரு மாதச் சம்பளச் சீட்டு. கணவர் சுயதொழில் செய்யும் புத்தக வடிவமைப்பாளர். ஒரு மாதம் நிறைய வரும், அடுத்த மாதம் ஒன்றுமே வராது. போதாக்குறைக்கு ஒரு பூனை. இருந்தும் விரும்பிய வீடே கிடைத்தது. அதற்கு எப்படித் தயாரானோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வீட்டு உரிமையாளரின் இடத்தில் இருந்து யோசித்துப் பார்த்தேன். வாழ்நாள் சேமிப்பைப் போட்டோ கடன் வாங்கியோ உண்டாக்கிய சொத்தை, முன்பின் தெரியாத ஒருவரிடம் அவர் ஒப்படைக்கப் போகிறார். வாடகை மாதாமாதம் ஒழுங்காக வருமா, வீட்டைப் பாழாக்காமல் வைத்திருப்பார்களா, காலம் முடிந்ததும் தகராறில்லாமல் காலி செய்வார்களா என்ற கவலைகள் அவருக்கு இருக்கத்தான் செய்யும். அவை நியாயமானவை. நம் விண்ணப்பத்தில் இருக்கும் ஒவ்வொரு தாளும் இவற்றில் ஏதேனும் ஒன்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்லாத தாளுக்கு அங்கே இடமில்லை என்று முடிவு செய்துகொண்டேன். என் பட்டச் சான்றிதழ்களை எல்லாம் அப்படித்தான் ஒதுக்கி வைத்தேன்.

தேடலைத் தொடங்கும் முன் எங்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகையைக் கணக்கிட்டோம். வாடகை, வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பதைப் பல இடங்களில் எழுதாத விதியாகவே வைத்திருக்கிறார்கள். சிலர் விளம்பரத்திலேயே வாடகையைப் போல் மூன்று மடங்கு வருமானம் வேண்டும் என்று போட்டுவிடுகிறார்கள். என் சம்பளத்தை முழுதாகவும், கணவரின் வருமானத்தில் மிக மோசமான ஆண்டின் சராசரியை மட்டும் எடுத்தும் கூட்டினோம். அந்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாடகை இருந்த வீடுகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் பார்க்கப் போகவில்லை. இந்தக் கட்டுப்பாடு மிச்சப்படுத்திய அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

வாங்கிய கடன்களை ஒழுங்காகக் கட்டினோமா என்று காட்டும் கடன் வரலாற்று அறிக்கையைத் தேடலுக்கு முன்பே வாங்கிப் பார்த்துவிட வேண்டும் என்று எல்லாரிடமும் சொல்லி வருகிறேன். நம் அறிக்கையை நாமே எடுத்துப் பார்ப்பதால் கடன் மதிப்பெண் குறையாது. கணவரின் அறிக்கையில், என்றோ கட்டி முடித்த கடன் ஒன்று இன்னும் நிலுவையில் இருப்பதாகக் காட்டியது. அமெரிக்காவிலும் இந்தியாவிலும் இத்தகைய புகாரைத் தீர்க்கப் பொதுவாக 30 நாள் வரை அவகாசம் தருகிறார்கள். வேறு நாடுகளிலும் உடனுக்குடன் நடந்துவிடும் காரியம் அல்ல. வீடு பிடித்துப்போன பிறகு இந்தக் குறை கண்ணில் பட்டிருந்தால், திருத்தம் வருவதற்குள் வீடு வேறொருவர் கைக்குப் போயிருக்கும். கடனை முடித்ததற்கு வங்கி தந்த கடிதத்தை இணைத்துத் திருத்தச் சொல்லி எழுதினோம். திருத்தம் வரும் வரை அந்தக் கடிதத்தின் நகலே எங்கள் கோப்பில் இருந்தது.

எங்களுக்கு நெடுநேரம் பிடித்தது வருமானச் சான்றுதான். வழக்கமாகக் கேட்பது கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கு அறிக்கையும். என்னிடம் ஒரு மாதச் சீட்டுதான் இருந்தது என்பதால், பணி நியமனக் கடிதத்தையும், முந்தைய வேலையின் கடைசிச் சம்பளச் சீட்டுகளையும் சேர்த்தேன். இரண்டு வேலைகளுக்கும் இடையே இடைவெளி இல்லை என்பதைத் தேதிகளே காட்டின. வேலை நிரந்தரமானதுதான், சம்பளம் இவ்வளவு என்று அலுவலக மனிதவளத் துறையிடம் ஒரு கடிதமும் வாங்கிக்கொண்டேன். அப்படிக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அவர்களுக்கு அது அன்றாட வேலை.

கணவரின் கணக்குதான் சிக்கல். வங்கி அறிக்கையை அப்படியே கொடுத்தால், பக்கம் பக்கமாய் வரவும் செலவும் கலந்துகிடக்கும். அதில் வருமானத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுமை யாருக்கும் இருக்காது. ஒரு வீட்டுக்காரர், வருமானம் ஏறி இறங்குகிறது என்ற ஒரே காரணத்துக்காக எங்களை வேண்டாம் என்றதாகத் தரகர் சொன்னார். அதன் பிறகு ஒரே பக்கத்தில் ஒரு பட்டியல் தயாரித்தோம். இடப்பக்கம் மாதம், நடுவில் வந்த தொகை, வலப்பக்கம் அது வங்கி அறிக்கையின் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது என்ற எண். வங்கி அறிக்கையிலும் அந்தந்த வரியை மஞ்சள் கோடிட்டுக் காட்டினோம். அடியில் பன்னிரண்டு மாதச் சராசரி. அதற்கும் கீழே, ஆறு மாத வாடகைக்குப் போதுமான சேமிப்பு தனிக் கணக்கில் இருப்பதைக் காட்டும் சான்று. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்த இரண்டு ஆண்டு நகல்களையும் வைத்தோம். பணம் வராத மாதங்களை மறைக்கவில்லை. அந்த மாதங்களிலும் பழைய வீட்டு வாடகை குறித்த தேதியில் போயிருப்பது அதே அறிக்கையில் இருந்தது, அதற்கும் கோடிட்டோம். அந்தக் கோப்பிலேயே எனக்கு மிகவும் நம்பிக்கை தந்த பக்கம் அதுதான்.

சம்பளச் சீட்டில் எண்ணைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள், யார் பார்க்கப் போகிறார்கள் என்று அறிவுரை சொன்னவர்களும் உண்டு. பார்க்கத்தான் செய்கிறார்கள். என் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்துச் சரிபார்த்தார்கள். பிடிபட்டால் வீடு போவதோடு நிற்காது. போலி ஆவணம் பல நாடுகளில் குற்றம். அதைவிட, பொய் சொல்லிக் குடிபுகுந்த வீட்டில் எப்படி நிம்மதியாகத் தூங்க முடியும்?

அடுத்தது பழைய வீட்டுக்காரரின் கடிதம். அவர் அன்பானவர், ஆனால் எழுதச் சோம்பல்படுபவர். நீயே எழுதிக்கொண்டு வாம்மா, கையெழுத்துப் போடுகிறேன் என்றார். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை இருந்தோம், வாடகை எவ்வளவு, தாமதம் உண்டா, காலி செய்தபோது வீடு எப்படி இருந்தது என்ற விவரங்களை மட்டும் எழுதினேன். புகழ்ச்சி ஒன்றும் வைக்கவில்லை. அவர் படித்துவிட்டு, தம் கையாலேயே அடியில் ஒரு வரி சேர்த்தார்: ‘சமையலறைச் சுவரில் நீர்க்கசிவு தெரிந்த அன்றே எனக்குத் தகவல் சொன்னார்கள்; அதனால் செலவு குறைந்தது.’ புதிய வீட்டுக்காரர் நேரில் பேசியபோது எடுத்த எடுப்பில் கேட்டது அந்த வரியைப் பற்றித்தான். குழாய் ஒழுகுவதையும் சுவர் ஊறுவதையும் சொல்லாமலே விட்டுவிடும் குடித்தனக்காரர்களால் அவர் பட்ட பாட்டைச் சொன்னார். உங்கள் பழைய வீட்டுக்காரரிடம் இப்படி ஒரு நிகழ்வைக் குறிப்பிடச் சொல்லிக் கேளுங்கள். நல்லவர், பண்பானவர் என்ற பொதுச் சொற்களைவிட அது எவ்வளவோ மேல். முதன்முறை வாடகைக்குப் போகிறவர்கள் விடுதிக் காப்பாளரிடமோ அலுவலக மேலாளரிடமோ வாங்கலாம். வருமானம் போதவில்லையென்றால் ஜாமீன் நிற்க முன்வருபவரின் வருமானச் சான்றையும் முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுவது நல்லது.

கோப்பின் முதல் பக்கத்தில் ஒரு கடிதம் வைத்தோம். அரைப் பக்கம்தான். யார் யார் குடிவருகிறோம், என்ன வேலை, எந்தத் தேதியிலிருந்து, எவ்வளவு காலம் இருக்க எண்ணுகிறோம், இந்த வீடு ஏன் பிடித்தது. பலவீனங்களையும் அங்கேயே சொல்லிவிட்டோம். ‘என் கணவர் சுயதொழில் செய்கிறார், மாத வருமானம் ஒரே சீராக இராது. ஓராண்டுக் கணக்கு நான்காம் பக்கத்தில் இருக்கிறது. எங்களிடம் ஒரு பூனை உண்டு. ஐந்து வயது, கருத்தடை செய்தது, தடுப்பூசி அட்டை கடைசிப் பக்கத்தில்’ என்று எழுதினோம். வீட்டுக்காரர் தாமே கண்டுபிடித்தால் சந்தேகப்படுவார். நாமே முன்கூட்டிச் சொன்னால் பேச்சு அடுத்த கட்டத்துக்கு நகர்ந்துவிடும். சொந்தக் கஷ்டங்களை உருக்கமாக எழுதவில்லை. இரக்கப்பட்டு வீடு தருபவரும் அடுத்த மாத வாடகையை நினைத்துத்தான் பார்ப்பார்.

எல்லாவற்றையும் பக்க எண்ணிட்டு ஒரே பி.டி.எஃப். கோப்பாக்கினோம். தரகர்கள் பெரும்பாலும் கைபேசியில்தான் திறந்து பார்க்கிறார்கள். பத்துப் படங்களைத் தனித்தனியாக அனுப்பினால் இரண்டாவது படத்தோடு நிறுத்திவிடுவார்கள். கோப்புக்கு எங்கள் பெயரையும் குடிவரும் மாதத்தையும் பெயராக வைத்தோம். ஒரு விஷயத்தில் மட்டும் மிகக் கண்டிப்பாக இருந்தோம். அடையாள அட்டை நகலின் குறுக்கே ‘வாடகை விண்ணப்பத்துக்கு மட்டும்’ என்று தேதியோடு எழுதி, வங்கிக் கணக்கு எண்ணில் கடைசி நான்கு இலக்கங்களைத் தவிர மற்றவற்றை மறைத்தோம். முழு அறிக்கை வேண்டுமென்றால் நேரில் காட்டுகிறோம் என்று குறிப்பும் வைத்தோம். இதற்காக யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. வீட்டைப் பார்க்கும் முன்பே முழு ஆவணங்களையும் முன்பணத்தையும் கேட்டவர்களிடம் பேச்சை அத்தோடு முடித்துக்கொண்டோம். வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன் என்பது உலகெங்கும் நடக்கும் பழைய மோசடி.

இந்த வீட்டைப் பார்க்கப் போனபோது குழாய்களைத் திறந்து பார்த்தோம், ஈரக்கறை இருக்கிறதா என்று அலமாரிகளின் உட்புறம் பார்த்தோம், பழுது பார்ப்பது யார் பொறுப்பு, பராமரிப்புக் கட்டணம் வாடகையில் அடங்குமா என்று கேட்டோம். பிடித்துவிட்டது. கடிதத்தில் வீட்டைப் பற்றிய வரிகளை மட்டும் மாற்றி, அன்று மாலையே அனுப்பிவிட்டோம். எங்களோடு பார்த்தவர்களில் சிலர் இன்னும் ஆவணங்களைத் திரட்டிக்கொண்டிருந்ததாகத் தரகர் பின்னர் சொன்னார்.

சம்மதம் வந்ததும் பணத்தை அனுப்பத் துடிப்போம். அங்கேதான் நிதானம் வேண்டும். முன்பணத்துக்குப் பல நாடுகளில் சட்ட வரம்பு இருக்கிறது. ஜெர்மனியில், இதர கட்டணங்கள் சேராத அடிப்படை மாத வாடகையைப் போல் மூன்று மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது. இங்கிலாந்தில் வீட்டை நமக்காகப் பிடித்துவைக்க வாங்கும் தொகை ஒரு வார வாடகையைத் தாண்டக் கூடாது என்று 2019-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் சொல்கிறது. இந்தியாவில் 2021-இல் வெளியான மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாத வாடகை என்கிறது, ஆனால் அதை ஏற்பது மாநிலங்களின் விருப்பம். நீங்கள் இருக்கும் இடத்தின் வரம்பைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். நாங்கள் ஒப்பந்தத்தை ஒருநாள் வைத்திருந்து படித்தோம். பூனைக்குத் தந்த அனுமதி வாய்மொழியாகவே இருந்தது. அதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்க்கச் சொன்னோம், சேர்த்தார். முன்பணத்தை வங்கி வழியாகச் செலுத்தி ரசீது வாங்கிக்கொண்டோம்.

சாவி வாங்கிய அன்று, சாமான்களை இறக்கும் முன்பே ஒவ்வோர் அறையையும் படம் எடுத்தோம்: மின்மீட்டர் எண், கதவுத் தாழ்ப்பாள், குளியலறைத் தரையில் இருந்த விரிசல், ஜன்னல் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு சிறு உடைப்பு. அன்றிரவே அவற்றை வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். விரிசல் தமக்குத் தெரிந்ததுதான் என்றும், ஜன்னல் கண்ணாடியை மாற்ற ஆள் அனுப்புவதாகவும் மறுநாள் காலையில் பதில் எழுதினார்.