பழைய கையேடும் புது ஆட்டோகேடும்

கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் இருபது வருஷமாக இருக்கிறேன். பெரும்பாலும் பம்ப் உதிரிகள்தான்: ஃபிளாஞ்ச், பேரிங் கவர், ஸ்லீவ். டிராயிங் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த பையன் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டான். முதலாளி என்னைவிட வயதில் சின்னவர். "நீங்களே ஆட்டோகேட் கத்துக்குங்கண்ணா. டிராயிங் படிக்கத் தெரிஞ்சவருக்கு வரையவா வராது?" என்றார். ஆட்டோகேட் என்பது கம்ப்யூட்டரில் டிராயிங் வரைகிற மென்பொருள். எனக்கு வரும் என்று நானும் நம்பிவிட்டேன்.

வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ள எனக்கு ஓடவில்லை. கை ஒன்று செய்வதற்குள் அவர்கள் நாலு வேலை முடித்துவிடுகிறார்கள். அதனால் உக்கடம் பழைய புத்தகக் கடையில் தேடி, ஆட்டோகேட் 2004க்கான ஒரு பயிற்சிக் கையேட்டை வாங்கி வந்தேன். ஆங்கிலம், தடித்த புத்தகம், முதுகு ஏற்கெனவே விட்டிருந்தது. பட்டறைக் கம்ப்யூட்டரில் இருந்ததோ 2022 பதிப்பு. ஆட்டோகேட்தானே, எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்தேன்.

முதல் பயிற்சி ஒரு செவ்வகத் தகடு. கோடு வரைய 'எல்' அடித்து என்டர், பிறகு முதல் மூலைக்கு 2,2 (குறுக்கே 2, மேலே 2) என்று தொடங்கி 8,2, 8,5, 2,5 என்று கொடுத்து, கடைசியில் 'சி' அடித்தால் மூடிக்கொள்ளும் என்று போட்டிருந்தது. அப்படியே அடித்தேன். திரையில் வந்தது தகடு இல்லை, அரிவாள் மாதிரி ஏதோ ஒன்று. வலப்பக்கமாக வளைந்து ஏறிப் போயிருந்தது. அழித்துவிட்டு மறுபடி அடித்தேன். மறுபடியும் அரிவாள். வேலை முடிந்து தினம் ஒரு மணி நேரம் என்று மூன்று நாள் இதே கதை. புத்தகத்தில் அச்சுப்பிழை என்றே முடிவு கட்டிவிட்டேன்.

நாலாம் நாள், 'ஐடி' என்று அடித்துப் புள்ளியைத் தொட்டால் அது எங்கே இருக்கிறது என்று சொல்லும் என்பதைப் படித்தேன். இரண்டாவது மூலையைத் தொட்டேன். எக்ஸ் 10, ஒய் 4 என்றது. நான் கொடுத்தது 8,2. அப்போதுதான் பொறி தட்டியது. கம்ப்யூட்டர் கட்டளையில் ஓடுகிற எங்கள் சிஎன்சி லேத்தில் எக்ஸ், இசட் என்று கொடுத்தால் ஜீரோவிலிருந்து அளக்கும். யு, டபிள்யூ என்று கொடுத்தால் டூல் நிற்கிற இடத்திலிருந்து அளக்கும். இந்தக் கம்ப்யூட்டர் நான் கொடுத்த எல்லாவற்றையும் யு, டபிள்யூவாக எடுத்துக்கொண்டிருக்கிறது! 2,2இல் நின்றுகொண்டு 8ம் 2ம் கூட்டினால் 10,4தானே?

காரணம், கர்சர் பக்கத்திலேயே எண்களைக் காட்டுகிற டைனமிக் இன்புட் என்ற வசதி. 2006 பதிப்பில்தான் வந்தது. அது ஆனில் இருந்தால் இரண்டாவது புள்ளியிலிருந்து எல்லாமே முந்தைய புள்ளியிலிருந்து கணக்கு. என் புத்தகம் எழுதியபோது அப்படி ஒன்று இல்லவே இல்லை, பாவம் அது எப்படிச் சொல்லும்? எஃப்12 அழுத்தினேன், அணைந்தது. திரும்ப அடித்தேன். தகடு வந்தது. புத்தகப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் 'எஃப்12' என்று எழுதி இரண்டு கோடு போட்டேன்.

அதன் பிறகு புத்தகம் சொல்கிறபடி வராவிட்டால் என்னைத் திட்டிக்கொள்வதை விட்டுவிட்டேன். நடுவில் என்ன மாறியிருக்கும் என்று தேடுவேன். ஐகான்கள் இருக்கிற இடமெல்லாம் மாறியிருந்தது, ஆனால் தட்டுகிற கட்டளைகள் பெரும்பாலும் அப்படியே இருந்தன. கோட்டை வெட்டுகிற ட்ரிம் மட்டும் நன்றாக ஏமாற்றியது. எதை வைத்து வெட்ட வேண்டுமோ அந்தக் கோட்டை முதலில் தேர்ந்தெடு, என்டர் தட்டு, பிறகு வெட்ட வேண்டியதைத் தொடு என்று புத்தகம் சொன்னது. தொட்டதும் அந்தக் கோடே துண்டாகிக் காணாமல் போனது. 2021இலிருந்து ட்ரிம் நேராக வெட்டத் தொடங்கிவிடுகிறது, வெட்டுக்கோட்டைத் தனியாகக் காட்ட வேண்டியதில்லை. பழைய முறைக்கு மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. நான் மாற்றவில்லை, இதுதான் வேகமாக இருக்கிறது.

புத்தகம் முழுக்க இஞ்ச். இஞ்சுக்கு 8 நூல் என்று அளந்து வளர்ந்தவன் என்றாலும், பட்டறை வேலை எல்லாம் மில்லிமீட்டரில்தான். புத்தகம் சொன்ன டெம்ப்ளேட்டிலேயே (அளவுகள் முன்கூட்டியே அமைத்த வெற்றுத் தாள் மாதிரி) மில்லிமீட்டர் கணக்கில் வரைந்தால் அளவு எண்கள் கடுகு மாதிரி விழுந்தன. சென்டர் லைன் விட்டு விட்டு வராமல் முழுக்கோடாகத் தெரிந்தது. அந்த டெம்ப்ளேட்டில் எழுத்து உயரம் 0.18. இஞ்சுக்கு அது சரி, மில்லிமீட்டருக்கு? மில்லிமீட்டருக்கான ஐஎஸ்ஓ டெம்ப்ளேட்டில் தொடங்கினால் 2.5, தொந்தரவே இல்லை.

சந்தோஷப்பட்ட நாளும் உண்டு. 80 மி.மீ. பைப்புக்கான ஃபிளாஞ்ச்: வெளிவிட்டம் 200, பிசிடி (ஓட்டைகளின் மையங்கள் உட்காருகிற வட்டத்தின் விட்டம்) 160, 18 மி.மீ. ஓட்டை எட்டு. எட்டு ஓட்டைக்கு மார்க்கிங் போடும்போது, ஒரு மையத்திலிருந்து அடுத்த மையத்துக்கு டிவைடரை விரிக்கிற அளவை நான் எப்போதும் 0.38268ஐ பிசிடியால் பெருக்கித்தான் எடுப்பேன்; 61.23 வரும். ஒரு ஓட்டையை வரைந்து அர்ரே கட்டளையில் எட்டாகச் சுற்றிவிட்டு, பக்கத்துப் பக்கத்து ஓட்டைகளின் மையத்தை 'டிஐ' அடித்து அளந்தேன். 61.2293. ஒருமுறை கால்குலேட்டரிலும் போட்டுப் பார்த்துக்கொண்டேன், சந்தேகத்தில் இல்லை, சும்மா ஆசைக்கு.

அந்தத் தெம்பில்தான் சறுக்கினேன். ஒரு பேரிங் கவர். ஒரு முகத்தில் மட்டும் எண்ணெய் ஓட்டை. புத்தகத்தில் பார்த்துப் பழகின மாதிரியே, வலப்பக்கத்திலிருந்து தெரிகிற தோற்றத்தை வலப்பக்கமே வைத்தேன். அமெரிக்கப் புத்தகம், தேர்டு ஆங்கிள்: எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோமோ அந்தப் பக்கமே வைக்கிற முறை. இங்கே ஐடிஐயில் சொல்லிக்கொடுப்பது ஃபர்ஸ்ட் ஆங்கிள், அதற்கு நேர் எதிர். வலப்பக்கம் வைத்தால் அது இடப்பக்கத்திலிருந்து பார்த்தது என்று அர்த்தம். நானே அப்படித்தான் படித்தவன், அதுதான் ஆத்திரம். டிரில்லிங்கில் நிற்கிற தம்பி டிராயிங்கைச் சரியாகவே படித்து, ஓட்டையை எதிர் முகத்தில் போட்டுக் கொண்டுவந்து நீட்டினான். "அண்ணா, அளவு எல்லாம் கரெக்ட்டா இருக்குதுங்க" என்று வேறு சொன்னான். ஒரு காஸ்டிங் (வார்ப்பு) வீணாய்ப் போனது. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கே டிராயிங் விவரம் எழுதுகிற டைட்டில் பிளாக்கில் ஃபர்ஸ்ட் ஆங்கிள் குறியைப் போட்டு டெம்ப்ளேட்டாகச் சேமித்துவிட்டேன்.

அந்தக் கவர் இன்னும் மேஜையில்தான் கிடக்கிறது. முதுகு விட்ட புத்தகம் திறந்தபடி நிற்காது, பக்கத்தின் மேல் வைக்க நல்ல கனம். இப்போது அது 3டி அத்தியாயத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஓரத்தில் இன்னும் பென்சில் எழுத்து எதுவும் இல்லை.