அப்பா எரித்த தப்பு

2025 ஜனவரி 5, ஞாயிறு

பறை வகுப்பில் மூன்றாவது வாரம். வலது கையில் அடிக்குச்சி, குட்டையாகத் தடிமனாக இருக்கும், அது பரவாயில்லை. இடது கையில் பிடிக்கும் நீள மூங்கில் சிண்டுக்குச்சிதான் உயிரை வாங்குகிறது. இன்று வைக்கோலைக் கொளுத்திப் பறைகளைக் காய்ச்சினோம், தோல் சூடேறி முறுக்கினால்தான் கணீரென்று பேசும். ஒவ்வொரு திணைக்கும் ஒரு பறை என்று தொல்காப்பியத்தில் இருப்பதை ஆசிரியர் சொன்னார், கைதட்டினோம். என் தாத்தா அடித்தவர் என்று நான் சொன்னேன், அதற்கும் கைதட்டினார்கள். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

ஜனவரி 14, பொங்கல்

சொல்லிவிட்டேன். பையிலிருந்து பறையை எடுத்ததும் அம்மா எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினாள். இந்தத் தெருவில் 22 வருடமாக இருக்கிறோம், நாங்கள் என்ன ஆட்கள் என்று யாருக்கும் தெரியாது, அல்லது தெரியாது என்று நாங்களாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். "உனக்கென்ன, மெட்ராஸ்ல இருக்க. என் பிள்ளைங்க இந்தத் தெருவுலதான் விளையாடுதுங்க" என்றாள் அக்கா.

அப்பா ரொம்ப நேரம் கழித்து, "இதை விட்டுட்டு வர்றதுக்குள்ள எனக்குப் பாதி ஆயுசு போச்சு. நீ பீஸ் கட்டிக் கத்துக்கிறியா?" என்றார்.

ஜனவரி 15

காலையில் நானாகப் போய் அப்பாவிடம் வாயைக் கொடுத்தேன். ஆதி இசை, நம் அடையாளம் என்று ஏதேதோ. "பறைன்னு எவன் சொன்னான்? எங்களுக்கு அது தப்பு" என்றார். தஞ்சாவூர்ப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். அப்புறம் அவராகவே பேசினார். பெரிய தெருவில் ஒரு சாவு விழுந்தால் ராத்திரியோ மழையோ ஆள் வந்துவிடும், இழவு சொல்ல ஊர் ஊராக நடக்க வேண்டும், பாடை சுடுகாடு போய்ச் சேரும்வரை அடிக்க வேண்டும், கூலி என்று கேட்கக் கூடாது, களத்தில் அவர்களாக அளந்துபோடும் நெல்தான். தாத்தா காய்ச்சல் என்று ஒரு தடவை போகாமல் இருந்த கதையை ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டார்.

இனி சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பல ஊர்ச் சேரிகள் முடிவெடுத்ததைப் படித்துச் சிலிர்த்திருக்கிறேன். தாத்தா இருந்த சேரியிலும் அது நடந்திருக்கிறது, எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை. தப்புகளைக் குவித்துக் கொளுத்தியபோது தாத்தாவுடையதைத் தூக்கிப் போட்டது அப்பா. வேப்பங்கட்டையில் செய்தது, தாத்தாவின் அப்பா காலத்தது. அதற்கப்புறம் ஆறு மாதம் தாத்தா அப்பாவோடு பேசவில்லையாம்.

ஜனவரி 26

நேற்று பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எல்லோரும் பார்த்தார்கள், ஒரு வார்த்தை இல்லை. அரை மணி நேரம் கழித்து சித்தப்பா ரோஜாப்பூ வைத்த குட்மார்னிங் படம் ஒன்று அனுப்பினார்.

கோபத்தில் எதையோ தேடப்போய் அந்தக் காலத் தலித் தலைவர் எம்.சி. ராஜாவிடம் வந்து நின்றேன். பறையர் என்ற பெயரே வேண்டாம், ஆதிதிராவிடர் என்று அழையுங்கள் என்று அவர் சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தது 1922இல். அப்பாவின் பக்கம் நூறு வருடத்து நியாயம் இருக்கிறது, எனக்கு ஆறு வாரத்துப் பயிற்சி இருக்கிறது. அதற்காக விடப் போவதில்லை, அது வேறு.

பிப்ரவரி 9

ஒரு கல்லூரி விழாவில் முதல் மேடை. வீட்டிலிருந்து யாரும் வரவில்லை, கூப்பிட்டால்தானே வருவார்கள். சாமி அடி, கல்யாண அடி எல்லாம் வகுப்பில் வந்துவிட்டது. சாவு அடி மட்டும் எங்கள் குழுவில் சொல்லித்தருவதில்லை, சாவுக்குப் போவதில்லை என்பது கொள்கை, எனக்கும் சம்மதம்தான். ஆனால் தாத்தா எப்படி அடித்திருப்பார் என்று மேடையிலிருந்து இறங்கியதிலிருந்து ஒரே யோசனை. கேட்டவர்களில் மிச்சம் இருப்பது அப்பாதான்.

ராத்திரி போன் செய்தேன். சாப்பிட்டீர்களா என்று கேட்டேன், தோசை என்றார். சித்திரைக்கு வரும்போது துணிமணிப் பை மட்டும் எடுத்துவந்தால் போதும் என்று அம்மா பின்னாலிருந்து சொன்னது கேட்டது. சரி என்று வைத்துவிட்டேன்.